ஒரு தகப்பன், நான்கு தாய்மார், இரண்டு அறைகள்: ஹேசில்டன் நார்த் கற்குவை பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

இங்கிலாந்தின் க்ளஸ்டர்ஷைர் பகுதியில் ஹேசில்டன் என்று ஒரு சிற்றூர். அதன் அருகிலுள்ள வயல் ஒன்றில், சுமார் 5,700 ஆண்டுகளுக்கு முன், புதிய கற்கால விவசாயிகள் சுண்ணாம்புக்கல்லைக் குவித்து நீளமான ஓர் ஈமக் கற்குவையைக் கட்டினார்கள். உள்ளே கல் அறைகள் அமைத்து, இறந்தவர்களை அவற்றில் வைத்தார்கள். 1979 முதல் 1982 வரை அலன் சவில் என்ற தொல்லியலாளரின் தலைமையில் அங்கே அகழாய்வு நடந்தது. அங்கு கிடைத்த எலும்புகளில் நடத்திய டி.என்.ஏ. ஆய்வு 2021 டிசம்பரில் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. மரபணு கிடைத்த 35 பேரில் 27 பேர் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள், அதுவும் ஐந்து தலைமுறை. தொல்மரபணுவைக் கொண்டு இவ்வளவு விரிவாக ஒரு வம்சாவளி வரையப்பட்டது அதுவே முதல் முறை.

செய்தி வந்தபோது புகழ் முழுவதும் ஆய்வுக்கூடத்துக்குப் போனது. அதில் தவறில்லை. ஆனால் ஆய்வுக்கூடம் சொன்னது யார் யாருக்கு என்ன உறவு என்பதை மட்டும்தான். அந்த உறவு எந்த அறையில், எந்த வாசலில் கிடந்தது என்பதைச் சொன்னவை நாற்பது வருடம் முன்பு மண்ணில் மண்டியிட்டு எழுதிய குறிப்புகள். இந்த இரண்டும் சேர்ந்ததால்தான் ஹேசில்டன் முக்கியமான இடமாகிறது. குறிப்புகள் சரியாக இல்லாமல் இருந்திருந்தால் நமக்குக் கிடைத்திருப்பது வெறும் உறவினர் பட்டியல்தான்.

குவையின் அமைப்பு

காட்ஸ்வோல்ட் மலைத்தொடர் சுண்ணாம்புக்கல் நிலம். இங்கும் மேற்கே தெற்கு வேல்ஸ் வரையிலும் ஒரே பாணியில் கட்டிய நீள் கற்குவைகள் நிறைய இருக்கின்றன. தொல்லியலாளர்கள் இவற்றைக் காட்ஸ்வோல்ட்-செவர்ன் தொகுதி என்று அழைக்கிறார்கள். ஏவ்பரி பக்கத்து வெஸ்ட் கென்னட், பெலாஸ் நேப், வேலண்ட்ஸ் ஸ்மிதி எல்லாம் இந்தத் தொகுதியில் வருபவை. ஒரு முனை அகன்றும் மறுமுனை குறுகியும் இருப்பது இவற்றின் பொது வடிவம். சிலவற்றில் அகன்ற முனையில் வாசல் இருக்கும், சிலவற்றில் அறைகளுக்குப் பக்கவாட்டிலிருந்து வழி இருக்கும்.

ஹேசில்டன் நார்த் இதில் இரண்டாவது வகை. கிழக்கு மேற்காக நீண்டு, 50 மீட்டரைத் தாண்டும் குவை. அகன்ற முனை மேற்கே. அங்கே வாசல் போன்ற ஒரு முன்றில் உண்டு, ஆனால் அதன் வழியே உள்ளே போக முடியாது. உண்மையான நுழைவாயில்கள் குவையின் நீண்ட பக்கங்களில், வடக்கே ஒன்றும் தெற்கே ஒன்றுமாக இருந்தன. ஒவ்வொன்றும் ஒடுங்கிய நடைவழியாக உள்ளே போய், 'எல்' எழுத்து போல வளைந்து ஓர் அறையில் முடியும். இரண்டு அறைகளும் குவையின் நடுப்பகுதியில் ஒன்றுக்கொன்று முதுகு காட்டியபடி இருந்தன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு உள்வழி கிடையாது. வடக்கு அறைக்குப் போக வேண்டுமானால் வெளியே வந்து, குவையைச் சுற்றிப் போய், வடக்கு வாசலில் நுழைய வேண்டும். இந்த விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நம் ஊர்ப்பக்கத்துக் கல்திட்டைகளையும் கற்பதுக்கைகளையும் பார்த்தவர்களுக்கு இந்தச் செங்குத்துப் பலகைக் கற்கள் பழகியவை போலத் தோன்றும். ஒற்றுமை தோற்றத்தோடு சரி. காலம் வேறு, மக்கள் வேறு.

கல்லை எங்கிருந்தோ இழுத்து வரவில்லை. குவையின் இரு பக்கமும் கல்குவாரி தோண்டி, வெட்டிய கல்லை அங்கேயே அடுக்கினார்கள். ஒரே மூச்சில் கொட்டிய கற்குவியல் அல்ல இது. உள்ளே சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் காரை இல்லாத கல்சுவர் எழுப்பி, இடையே கல்லை நிரப்பிக்கொண்டே போயிருக்கிறார்கள். வெளிப்பக்கம் முழுவதும் ஒழுங்கான சுவர். அறைகளின் பெரிய பலகைக் கற்களை முதலில் நட்டுவிட்டு அதைச் சுற்றிக் குவையை வளர்த்திருப்பதால், இரண்டு அறைகளும் தொடக்கத் திட்டத்திலேயே இருந்தவை என்று உறுதியாகச் சொல்லலாம். பின்னால் வந்த தலைமுறை இடம் போதாமல் இரண்டாவது அறையைச் சேர்க்கவில்லை.

குவைக்கு அடியில் கிடைத்ததும் சுவையான சேதிதான். கட்டுவதற்கு முன்பே அந்த நிலம் புழக்கத்தில் இருந்திருக்கிறது. அடுப்பு எரிந்த தடம், கம்பம் நட்ட குழிகள், திருகை வருவதற்கு முந்தைய அரைகல்லின் துண்டுகள், பானை ஓடுகள், விலங்கு எலும்புகள், கருகிய தானியம் எல்லாம் சேர்ந்த குப்பைமேடு ஒன்று அங்கே இருந்தது. அதற்கும் முந்தைய வேட்டைக்கார மக்களின் நுண்கற்கருவிகளும் கிடைத்தன. ஆக, யாரும் வசிக்காத புனித மேட்டில் எழுந்த கட்டடம் அல்ல. சமைத்து, அரைத்து, பயிர் செய்த இடத்தின் மேலேயே கல்லறை எழுந்திருக்கிறது.

எலும்புகளுக்கு முகவரி எழுதிய அகழாய்வு

அகழாய்வு தொடங்கக் காரணம் ஆர்வம் மட்டும் இல்லை. ஒவ்வோர் ஆண்டும் உழவு நடந்து குவையின் மேற்பகுதி தேய்ந்துகொண்டே வந்தது. விட்டால் எதுவும் மிஞ்சாது என்ற நிலை. அதனால் சவில் குழு ஒரு மூலையில் சோதனைக் குழி போடுவதோடு நிற்காமல், கிட்டத்தட்ட முழுக் குவையையும் பிரித்துப் பார்த்தது. இதற்கு முன் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல கற்குவைகளை ஊர்ப் பெரியவர்களும் பாதிரியார்களும் பொழுதுபோக்காகத் தோண்டியிருந்தார்கள். மண்டையோடு அகப்பட்டால் எடுத்து வைப்பார்கள், மற்றதெல்லாம் கலைந்து போகும். ஹேசில்டனில் அறைகளுக்குள் அப்படி யாரும் கைவைத்திருக்கவில்லை என்பது பெரிய அதிர்ஷ்டம்.

உள்ளே பார்த்தால் ஒரே கலவரம். ஒருவரின் மண்டை இங்கே, தொடை எலும்பு அங்கே, பற்கள் இன்னொரு மூலையில். புதிய உடலை வைக்கும்போது பழைய எலும்புகளை ஒதுக்கி வைத்தது, ஆள் நுழையும்போது காலில் இடறியது, காலப்போக்கில் கல் சரிந்து நொறுக்கியது எல்லாம் சேர்ந்த குழப்பம். இந்தச் சிதறலில் ஒவ்வோர் எலும்பும் கிடந்த இடத்தை வரைபடத்தில் குறித்து, எண் கொடுத்துத்தான் வெளியே எடுத்தார்கள். அன்றைக்கு அது சிலருக்கு வேண்டாத பிடிவாதமாகத் தெரிந்திருக்கலாம். பெரியவர்கள் 22, சிறுவர்கள் 19 என்று குறைந்தது 41 பேர் இருந்திருக்க வேண்டும் என்று எலும்புக் கணக்கு காட்டியது. முழு அறிக்கை 1990-இல் வெளிவந்தது. எலும்புகள் சைரன்செஸ்டர் நகரின் கொரினியம் அருங்காட்சியகத்துக்குப் போயின.

அகழாய்வில் தெரிந்த ஒரு விபத்து பிற்பாடு முக்கியமாயிற்று. வடக்கு நடைவழியில் பலகைக் கல் சரிந்து பாதை அடைபட்டுவிட்டது. குவை புழக்கத்தில் இருந்த காலத்திலேயே இது நடந்திருக்கிறது. அதற்குப் பிறகு வடக்கு அறைக்குள் யாரும் போக முடியவில்லை. ஆனாலும் வடக்கு வாசலை அப்படியே கைவிடவில்லை. அடைப்புக்கு வெளியே, வாசல் பகுதியில் ஓர் ஆண் முழு உடலாகக் கிடத்தப்பட்டிருந்தார். முழங்கைப் பக்கம் சிக்கிமுக்கிக் கல்லின் கரு, அதாவது சில்லு பெயர்த்தெடுக்கும் மூலக்கல். கைப்பக்கம் தட்டுகல். கல்லாயுதம் செய்பவர் என்ற பட்டப்பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டது. அவருக்குப் பின் அங்கே யாரும் வைக்கப்படாததால் அவர் எலும்புகளை யாரும் ஒதுக்கவில்லை. எல்லோரும் முதலில் இப்படி முழு உடலாகத்தான் உள்ளே போயிருப்பார்கள் என்று எண்ண இவர் ஒரு நல்ல சாட்சி.

அதற்கு முன் என்ன நினைத்தார்கள்

இந்த வகைக் கல்லறைகளைப் பற்றி எழுபது, எண்பதுகளில் இரண்டு எண்ணங்கள் வலுவாக இருந்தன. ஒன்று, இவை நீண்ட காலம் பயன்பட்டவை, பல நூறு ஆண்டுகள் தலைமுறை தலைமுறையாக ஊர் மக்கள் இங்கே வந்து சேர்ந்தார்கள் என்பது. மற்றது, எலும்புகளைக் கலந்து போட்டதே திட்டமிட்டுத்தான் என்பது. இறந்தவர் தன் பெயரை இழந்து 'முன்னோர்' என்ற பொதுக்கூட்டத்தில் கரைந்துவிடுகிறார், தனி ஆள் என்பதை மறைத்துச் சமத்துவம் காட்டுகிறார்கள் என்று வாதிட்டார்கள். நிலத்தின் மீது உரிமை கொண்டாட ஒரு குழு நட்ட அடையாளமே இந்தக் குவை என்ற கருத்தும் உண்டு. தொல்லியலாளர் காலின் ரென்ஃப்ரூ போன்றவர்கள் அதை விரிவாக எழுதினார்கள்.

முதல் எண்ணம் 2007-இல் உடைந்தது. அலெக்ஸ் பெய்லிஸ், அலஸ்டேர் விட்டில் முதலிய தொல்லியலாளர்கள் தெற்கு இங்கிலாந்தின் ஐந்து நீள் குவைகளின் ரேடியோ கார்பன் தேதிகளை, அதாவது எலும்பில் எஞ்சியிருக்கும் கதிரியக்கக் கார்பனை அளந்து கணிக்கும் வயதுகளை, புள்ளியியல் முறையில் மீண்டும் கணக்கிட்டார்கள். தனியாக ஒரு ரேடியோ கார்பன் தேதி இருநூறு வருட அகலம் உள்ளதாக இருக்கும். ஆனால் எது கீழே கிடந்தது, எது மேலே கிடந்தது என்ற வரிசையையும் கணக்கில் சேர்த்தால் அந்த அகலம் சுருங்கும். அப்படிச் சுருக்கியபோது, ஆயிரம் வருடம் பயன்பட்டதாக நினைத்த வெஸ்ட் கென்னட்டின் முதற்கட்ட அடக்கங்கள் ஒரு தலைமுறைக் காலத்துக்குள் முடிந்துவிட்டன என்று தெரிந்தது. ஹேசில்டன் நார்த் கி.மு. 3695-க்கும் 3650-க்கும் இடையில் கட்டப்பட்டது, அதன் பயன்பாடும் சில தலைமுறைகளோடு நின்றது என்று வந்தது. பிரிட்டனுக்குள் பயிரும் மாடும் வந்து சேர்ந்து அப்போது ஏறத்தாழ நூறு வருடம்தான் ஆகியிருந்தது.

எனக்கு இதில் பிடித்தது, மரபணு வருவதற்கு முன்பே கதை மாறத் தொடங்கிவிட்டது என்பதுதான். சில தலைமுறைகள்தான் என்றால் அங்கே கிடப்பவர்கள் பெயர் மறந்துபோன பழைய முன்னோர்களாக இருக்க முடியாது. வைத்தவர்களுக்கு வைக்கப்பட்டவர்களின் முகம் தெரியும். அப்பா, தாத்தா, பாட்டி, சித்தப்பா என்று அடையாளம் சொல்லும் தூரத்தில் இருந்தவர்கள். அப்படியானால் அவர்களுக்குள் உண்மையில் என்ன உறவு என்ற கேள்வி வந்துதானே ஆக வேண்டும்?

மரபணு எப்படி உறவு சொல்கிறது

நியூகாசில் பல்கலைக்கழகத்தின் கிறிஸ் ஃபௌலர், பாஸ்க் நாட்டுப் பல்கலைக்கழகத்தின் இன்யிகோ ஒலால்டே, வியன்னாவின் ரான் பின்ஹாசி, ஹார்வர்டின் டேவிட் ரைக் உள்ளிட்ட குழு இந்த வேலையை எடுத்துக்கொண்டது. பல்லிலிருந்தும், உட்காதைச் சுற்றியுள்ள கெட்டியான எலும்பிலிருந்தும் மாதிரி எடுத்தார்கள். உடலில் பழைய டி.என்.ஏ. நன்றாகத் தங்குவது இந்தக் காதெலும்பில்தான். எலும்புகள் சிதறிக் கிடந்ததால், வெவ்வேறு ஆள் என்று நினைத்த இரண்டு மாதிரிகள் ஒரே ஆளாக வந்து சேர்வதும் நடக்கும். அப்படிச் சேர்த்த பிறகு நின்றது 35 பேர்.

தகப்பனும் பிள்ளையும் பாதி மரபணுவைப் பகிர்கிறார்கள். உடன்பிறந்தவர்களும் சராசரியாகப் பாதி. ஆனால் தாத்தா-பேரன், சித்தப்பா-அண்ணன் மகன், ஒரே தகப்பனுக்கு வேறு வேறு தாய் வயிற்றில் பிறந்தவர்கள் ஆகிய மூன்றுக்கும் ஏறத்தாழ கால்பங்குதான். பங்கின் அளவை மட்டும் வைத்து இவற்றைப் பிரிக்க முடியாது. இங்கே வேறு இரண்டு தடயங்கள் துணைக்கு வருகின்றன. ஒய் குரோமோசோம் தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும். மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. தாயிடமிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் வரும். இருவருக்கு ஒய் ஒன்றாக இருந்து மைட்டோகாண்ட்ரியா வேறாக இருந்தால் தாய் வேறு என்று தெரிந்துவிடும். இறந்த வயதும் உதவும், ஐந்து வயதுக் குழந்தை யாருக்கும் தாத்தாவாக இருக்க முடியாது அல்லவா? இதற்கெல்லாம் மேலே, ஒரே குடும்பத்தில் 27 பேர் கிடைத்ததுதான் பெரிய பலம். ஒரு உறவில் சந்தேகம் வந்தால் அவருடைய மற்றப் பத்து உறவுகள் அதைத் திருத்திவிடும்.

குடும்பம்

வம்சத்தின் முதல் ஆள் ஒருவர். அவருக்கு நான்கு பெண்களின் மூலம் பிள்ளைகள். அங்கே அடக்கமானவர்களில் பெரும்பாலோர் இந்த நான்கு தாய்களின் வழி வந்தவர்கள். ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்கு வம்சம் கடக்கும் இடங்கள் மொத்தம் 15. பதினைந்தும் ஆண் வழியே. ஒன்றுகூட மகள் வழியாகப் போகவில்லை. தகப்பன் வழிக் குடும்பம் என்று இதற்கு மேல் தெளிவாகச் சொல்ல முடியாது. 

இதோடு நின்றிருந்தால் வியப்பு அதிகமில்லை. வியப்பு, யாரை எந்த அறையில் வைத்தார்கள் என்று வரைபடத்தோடு ஒப்பிட்டபோது வந்தது. நான்கு தாய்களில் இருவரின் வழி வந்தவர்கள் தெற்குப் பக்கம் வைக்கப்பட்டார்கள், அதுவும் எல்லாத் தலைமுறைகளிலும். மற்ற இருவரின் வழி வந்தவர்களுக்குத் தொடக்கத்தில் வடக்குப் பக்கம். மூத்தாள் வகையறா, இளையாள் வகையறா என்று நாம் சொல்வது போல இரண்டு கிளைகள். இங்கே ஒவ்வொரு கிளையும் இரண்டு தாய்மாரைக் கொண்டது. தகப்பன் ஒருவரே என்பதால் பங்காளிகள் எல்லோரும் ஒரே குவைக்குள். தாய் வேறு என்பதால் வாசல் வேறு.

முன்பு சொன்ன கட்டட விவரத்துக்கு இப்போது வருவோம். இரண்டு அறைகளும் தொடக்கத் திட்டத்திலேயே இருந்தவை, உள்வழி இல்லாதவை, எதிரெதிர்ப் பக்கம் பார்ப்பவை. அப்படியானால் கல் அடுக்கத் தொடங்கும்போதே குடும்பம் இரண்டு கிளையாக நிற்கிறது என்பது கட்டியவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். குடும்பத்தின் பிரிவு கல்லில் திட்டமாக இறங்கியிருக்கிறது. தகப்பன் வழிச் சமூகம் என்றால் பெண்களுக்கு மதிப்பில்லை என்று அவசரமாக முடிவு கட்டுபவர்கள் இந்த இடத்தில் சற்று நிதானிக்க வேண்டும். ஐந்தாம் தலைமுறைப் பிள்ளைக்குக்கூட 'நீ எந்தப் பாட்டியின் வழி' என்பது நினைவில் இருந்திருக்கிறது. அந்தப் பெண்கள் வெளியிலிருந்து வந்தவர்கள்தான், ஆனாலும் கிளைக்கு அவர்களே அடையாளம். 

வடக்குப் பாதை அடைபட்ட விபத்தும் இங்கே அர்த்தம் பெறுகிறது. வடக்குக் கிளையைச் சேர்ந்த சில ஆண்கள் தெற்கு அறைப் பக்கம் கிடைத்தார்கள். விதி மீறல் போலத் தெரியும் இதற்கு, பாதை மூடிவிட்டதால் அண்ணன் தம்பிகளின் அறையில் இடம் கொடுத்திருப்பார்கள் என்ற விளக்கம் பொருந்துகிறது. பிரிவு இருந்தது, பகை இல்லை என்று நான் இதைப் படிக்கிறேன். கல் சரிந்ததை அகழாய்வுக் குழு குறித்து வைக்காமல் போயிருந்தால், மரபணு ஆய்வாளர்கள் இந்த ஆண்களை வைத்துக்கொண்டு வேறு ஏதாவது கோட்பாடு கட்டியிருப்பார்கள்.

அப்புறம், தகப்பன் வேறாக இருந்த நான்கு ஆண்கள். இவர்களின் தாய் வம்சத்து ஆண் ஒருவருக்கும் பிள்ளை பெற்றவர், ஆனால் இவர்கள் பிறந்ததோ வம்சத்துக்கு வெளியே உள்ள ஆணின் வழியில். அதாவது அந்தப் பெண்ணுக்கு வேறோர் ஆணின் மூலம் பிறந்த மகனும் அவன் வழியும் இந்த வீட்டுப் பிள்ளையாகவே எண்ணப்பட்டுக் குவைக்குள் இடம் பெற்றிருக்கிறது. தத்து எடுத்தார்கள் என்று ஆய்வுக் குழு கருதுகிறது. ரத்த உறவைக் கண்டுபிடிக்கவே உருவான ஒரு கருவி, ரத்தம் மட்டுமே உறவு இல்லை என்று நிரூபித்தது இந்த ஆய்வின் இனிய முரண்.

மகள்கள் விஷயம் இதற்கு நேர் எதிர். சிறு வயதில் இறந்த இரண்டு பெண் குழந்தைகள் குவையில் இருக்கிறார்கள். வளர்ந்து பெரியவளான மகள் ஒருத்திகூட இல்லை. வம்சத்து ஆண்களுக்குப் பிள்ளை பெற்ற வெளிப்பெண்கள் இருக்கிறார்கள். மருமகள் உள்ளே, மகள் வெளியே. கட்டிக்கொடுத்த வீட்டுக் கல்லறையில் மகள்கள் அடங்கியிருப்பார்கள் என்பது எளிதில் தோன்றும் விடை, நமக்கு இன்னும் எளிதாகவே தோன்றும். ஆனால் எரித்தோ வேறு வகையிலோ அவர்களை அனுப்பியிருக்கவும் கூடும். எலும்பு இல்லாத இடத்தில் மரபணு எதையும் சொல்லாது.

மீதி எட்டுப் பேருக்கு இந்தக் குடும்பத்தோடு நெருங்கிய ரத்த உறவு இல்லை. அவர்களில் மூவர் பெண்கள். குடும்பத்து ஆண்களின் மனைவிகளாக இருந்து, குழந்தை இல்லாமலோ, பெண் பிள்ளைகளே பிறந்து அவர்கள் வேறிடம் போய்விட்டதாலோ மரபணுத் தொடர்பு தெரியாமல் போயிருக்கலாம். மற்றவர்களைப் பற்றிச் சொல்ல இன்னும் வலுவான தடயம் இல்லை. நட்பு, சேர்ந்து வாழ்ந்த உறவு, ஏதோ ஒரு கடமை என்று எதுவாகவும் இருக்கலாம்.

எதைச் சொல்லக்கூடாது

'நான்கு மனைவிகளோடு வாழ்ந்த கற்காலத் தலைவன்' என்பது செய்தித்தாள் தலைப்புக்கு நன்றாக இருக்கும். ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. நான்கு பெண்களும் ஒரே சமயத்தில் அவரோடு இருந்தார்களா, ஒருவர் இறந்தபின் ஒருவர் வந்தாரா என்பதை டி.என்.ஏ. காட்டாது. இரண்டு தாய்மாரை ஒரு கிளையாகச் சேர்த்தது எந்த அடிப்படையில் என்பதற்கும் அதில் விடை இல்லை. பிரசவத்தில் பெண்கள் இறப்பது சாதாரணமாக இருந்த காலம் அது என்பதை மறந்துவிட்டு அந்தப்புரக் கதை எழுதக் கூடாது.

அவரைத் தலைவர் என்பதற்கும் ஆதாரம் குறைவு. ஆடம்பரப் பொருள் எதுவும் அவரோடு வைக்கப்படவில்லை. கல்லறைக்குள் இடம் கிடைத்ததே ஒரு சிறப்பு என்பது மட்டும் ஏற்கக்கூடியது, ஏனென்றால் அக்கம்பக்கத்தில் வாழ்ந்த எல்லோருக்கும் அது கிடைக்கவில்லை. இவ்வளவு கல்லை வெட்டி அடுக்க ஒரு குடும்பத்தின் கைகள் மட்டும் போதாது. வெளியாட்களும் உழைத்திருப்பார்கள், ஆனால் அவர்கள் உள்ளே இல்லை. ஊர்ப் பொதுக் கல்லறை என்ற பழைய படம் இந்த ஒரு குவையைப் பொறுத்தவரை செல்லாது. 

எல்லாக் குவைகளும் இப்படித்தான் என்று நீட்டுவதும் தவறு. அயர்லாந்தின் நியூகிரேஞ்ச் பெரும் கல்லறையில் கிடைத்த ஓர் ஆணின் மரபணு, அவர் பெற்றோர் உடன்பிறந்தவர்களாகவோ பெற்றவரும் பிள்ளையுமாகவோ இருந்திருக்க வேண்டும் என்று 2020-இல் காட்டியது. அரச வம்சம் என்று அப்போது பெரிதாகப் பேசினார்கள், பிறகு அதைக் கேள்வி கேட்டவர்களும் வந்தார்கள். பிரான்சின் குர்ஜி இடுகாட்டில் ஏழு தலைமுறை வம்சாவளி ஒன்று 2023-இல் வெளியானது. அது ஹேசில்டனுக்குப் பல நூறு ஆண்டுகள் முந்தியது, கற்குவை இல்லாத சாதாரணக் குழிகள். அங்கேயும் தகப்பன் வழிதான், மகள்கள் அங்கேயும் பெரும்பாலும் வெளியேறிவிடுகிறார்கள். ஆனால் தாய் வேறான உடன்பிறப்புகள் அங்கே இல்லை. ஒரே தகப்பனும் ஒரே தாயும் கொண்ட குடும்பங்கள். தகப்பன் வழி என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனை விதமான வீடுகள் அடங்கும் என்பதற்கு இந்த இரண்டு இடங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும்.

நடமாடிய மக்கள், நகராத கல்

இதே எலும்புகளில் மற்ற ஆய்வுகளும் நடந்திருக்கின்றன. 2008-இல் வெளியான வேதியியல் ஆய்வு, இவர்கள் உணவில் விலங்குப் புரதத்துக்குப் பெரிய பங்கு இருந்ததைக் காட்டியது. தானியம் விளைவித்தவர்கள்தான், ஆனாலும் இறைச்சியும் பாலும் தாராளம். 2016-இல் பல்லின் எனாமலில் உள்ள ஸ்ட்ரான்ஷியம், ஆக்சிஜன் அளவுகளைப் பார்த்தார்கள். குழந்தைப் பருவத்தில் வெவ்வேறு வயதில் உருவாகும் பற்கள் அந்தந்த வயதில் உண்டு குடித்த நிலத்தின் அடையாளத்தை வைத்துக்கொள்ளும். ஒரே இடத்தில் வீடு கட்டி நிலையாகத் தங்கிய விவசாயிகள் இல்லை, இடம் மாறி மாறி வாழ்ந்தவர்கள் என்பதோடு அந்த முடிவுகள் பொருந்தின.

இதை வம்சாவளியோடு சேர்த்துப் படிக்கும்போது குவையின் வேலை என்னவென்று எனக்குக் கொஞ்சம் விளங்குகிறது. மாட்டோடு அலையும் குடும்பம், பிரிந்து போகும் அண்ணன் தம்பிகள், வேறு குடும்பத்திலிருந்து வரும் பெண்கள், கூடவே அழைத்து வரும் பிள்ளைகள். இவர்கள் எல்லோரும் யாருக்கு யார் என்பதை ஒரே இடத்தில் நிலையாகக் காட்டியது இந்தக் கற்குவைதான். நிலத்துக்கான எல்லைக்கல் என்று ரென்ஃப்ரூ காலத்தில் சொன்னதை முழுதாகத் தள்ள வேண்டியதில்லை. உரிமை கொண்டாடியது ஓர் ஊரா, ஒரு குடும்பமா என்பதில்தான் மாற்றம்.

இனி செய்யக்கூடிய வேலை தெளிவாகவே இருக்கிறது. ஹேசில்டனிலிருந்து வெளியே போன மகள்கள் காட்ஸ்வோல்ட் பகுதியின் வேறு குவை ஒன்றில் மருமகளாக அடங்கியிருந்தால், இப்போது அவர்களை அடையாளம் காண முடியும். ஒப்பிட்டுப் பார்க்க 27 பேரின் வம்சாவளி கையில் இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் முன்பே தோண்டிய குவைகளின் எலும்புகள் அருங்காட்சியகங்களில் உண்டு. சிலவற்றில் எந்த அறையில் எது கிடைத்தது என்ற குறிப்பே இல்லை, அவற்றால் பாதிப் பயன்தான். ஹேசில்டன் நார்த்துக்குப் பக்கத்திலேயே ஹேசில்டன் சவுத் என்று இன்னொரு நீள் குவை இருக்கிறது. அதில் இதுபோன்ற முழு அகழாய்வு இன்னும் நடக்கவில்லை. அங்கே கிடப்பவர்கள் இதே வம்சத்தின் பங்காளிகளா, பெண் கொடுத்து எடுத்த சம்பந்தி வீட்டாரா, அல்லது எந்த உறவும் இல்லாத பக்கத்து நிலத்துக்காரர்களா என்பதுதான் அங்கே தோண்டப் போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.